நண்டு, நோயாளி, செல்போன்: போதத்தைப் பற்றி எந்தக் கட்சியை எடுப்பது?

குமரி மாவட்டத்தில் யாராவது தலைசுற்றி விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது "போதம் உண்டா?" என்பதைத்தான். வேறு ஊர்களில் "நினைவு இருக்கா" என்பார்கள். போதம்தான் இந்த விஷயத்துக்குத் தோதான சொல். நினைவு என்றால் ஞாபகமும் வந்து ஒட்டிக்கொள்ளும். உணர்வு என்றால் கோபதாபமும் சேர்ந்துவிடும். போதம் என்றால் ஒரே கேள்வி: உள்ளே ஆள் உண்டா இல்லையா. இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

போதம் என்பது என்ன என்று தத்துவவாதிகள் ஆளுக்கொரு கட்சி கட்டியிருக்கிறார்கள். ஒன்றைப் படித்தால் அதுவே சரி என்று தோன்றும். அடுத்ததைப் படித்தால் முந்தையது ஆட்டம் கண்டுவிடும். பொதுவில் வைத்து "எது சரி" என்று கேட்டால் விடியும் வரை பேசலாம். அதனால் மூன்று காரியங்களை முன்னால் வைத்துக் கேட்போம். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, கண் திறந்தும் ஆறு வாரமாகப் பதில் காட்டாமல் கிடப்பவர் ஒருவர். அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவதா, வீட்டுக்குக் கொண்டுவருவதா என்று குடும்பம் தவிக்கிறது. அடுத்தது, குளச்சலில் வாங்கிய உயிர்நண்டும் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரும். மூன்றாவது, "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று செல்போனில் எழுதும் சாட்பாட். ஒவ்வொரு கட்சியும் இந்த மூன்றுக்கும் ஒரு பதில் சொல்லும். சொன்னதற்கு ஒரு விலையும் கேட்கும். அந்த விலையைக் கொடுக்க மனம் வருகிறதா என்று பார்ப்பதுதான் தேர்வு.

கள்ளும் அக்கானியும்

மிகப் பழைய கட்சி பொருள்முதல்வாதம். தமிழில் அதன் பேச்சு மணிமேகலையின் 27ஆம் காதையிலேயே இருக்கிறது. நிலம், நீர் முதலான ஐம்பூதங்களே எல்லாம் என்கிற பூதவாதி அங்கே சொல்வது இது: ஆத்திப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய இடத்தில் மதுவின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு தோன்றும், பூதங்கள் பிரிந்தால் பறையோசைபோல அடங்கிப்போகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு, மென்றதும் வாயில் வருகிறதே என்பது சார்வாகர்கள் என்ற பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகள் சொல்லிய இன்னொரு உதாரணம்.

குமரிக்காரருக்கு இந்த உவமையைச் சோதிப்பது சுலபம். ஒரே பனை, ஒரே பாளை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் ஈஸ்ட் வேலை செய்ய முடியாது, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் சர்க்கரை உடைந்து ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாகப் பிரிகிறது. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், நிலை வேறு. மயக்க மருந்தும் இப்படித்தான். புரோபஃபால் மூளை செல்களின் துடிப்பை அடக்கும் காபா ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. மூளை அதே மூளை, போதம் மட்டும் போய்விடுகிறது. மருந்து இறங்கினால் திரும்பி வருகிறது. பொருள்முதல்வாதிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால் உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கலயத்துக்குள் இருப்பது ஆல்கஹால்தான். களிப்பு குடித்தவன் தலையில்தான். களிப்பு பிறந்தது என்று சொல்லும்போதே, போதமுள்ள ஒரு குடிகாரனைப் பூதவாதி ஓசைப்படாமல் உள்ளே விட்டுவிட்டார். வெற்றிலைச் சிவப்பும் அப்படித்தான்: பார்க்க ஒரு கண் வேண்டும். சர்க்கரை எப்படி ஆல்கஹாலாகிறது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி முடித்தால் மிச்சக் கேள்வி எதுவும் இருக்காது. மூளையில் நடப்பதை அதே மாதிரி படிப்படியாகச் சொல்லி முடித்தாலும், "இதெல்லாம் நடக்கும்போது உள்ளே வலிப்பானேன்?" என்ற கேள்வி நின்றுகொண்டே இருக்கும். 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதற்குக் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தார். பொருள்முதல்வாதம் கேட்கும் விலை இந்த மிச்சம். பிறகு ஒருநாள் தீரும் என்று கடன் சொல்ல வேண்டும், அல்லது மிச்சம் என்று ஒன்றே கிடையாது, அது ஒரு மாயத்தோற்றம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதைத் துணிந்து சொன்னவர் டேனியல் டெனட். கெட்டிக்காரத்தனமான கட்சிதான். பல்வலிக்காரரிடம் மட்டும் அது எடுபடாது: வலிப்பதாகத் தோன்றுவதே வலிதானே!

மரவள்ளம், ஃபைபர் வள்ளம்

1950களில் பிளேஸ், ஸ்மார்ட் ஆகிய தத்துவவாதிகள் போதம் என்பது மூளையில் நடக்கும் ஒரு நிகழ்வுதான் என்று நேரடியாகவே சொன்னார்கள். 1967இல் ஹிலாரி பட்னம் அதற்குப் போட்ட முட்டுக்கட்டையில் ஆக்டோபஸும் வருகிறது. நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்கிறோமே, அதேதான். அதற்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. மனித மூளையின் அமைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலி என்பது மனித மூளையின் இன்ன நரம்பு இப்படித் துடிப்பதுதான் என்றால், பேய்க்கணவாய்க்கு வலியே இருக்க முடியாது. அதை ஏற்க முடியுமா? ஆகவே பட்னம் சொன்னார்: எதனால் ஆனது என்று பார்க்காதே, என்ன வேலை செய்கிறது என்று பார். அயினி மரத்தில் செய்தாலும் ஃபைபரில் செய்தாலும், கடலில் இறங்கி ஆளையும் வலையையும் சுமந்து திரும்பினால் அது வள்ளம்தான். இது செயல்வாதம்.

நண்டுக்கும் கணவாய்க்கும் கதவைத் திறந்துவிட்ட கட்சி இது. அதே கதவு வழியாக சாட்பாட்டும் உள்ளே வரும் என்பதுதான் விலை. வேலை ஒத்துப்போனால் சிலிக்கானுக்கும் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். 1980இல் ஜான் செர்ல் இதை மடக்கப் பார்த்தார். சீன மொழி தெரியாத ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சீன எழுத்துகளை எடுத்துக் கொடுக்கிறார். வெளியே நிற்பவருக்குச் சீனரோடு பேசுவதுபோல இருக்கும். உள்ளே ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அறை முழுவதையும் சேர்த்துப் பார் என்று செயல்வாதிகள் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இரண்டு இருமைவாதம்

உடல் வேறு, உயிர் வேறு என்பவர்களை எல்லாம் ஒரே கூடையில் போடுவது பெரிய பிழை. இங்கேதான் தமிழ்நாட்டு வாசகருக்குக் கையில் ஒரு சரக்கு கூடுதலாக இருக்கிறது.

பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த் 1641இல் எழுதியபடி, சிந்திப்பதே ஆன்மாவின் இயல்பு. உடல் வெறும் இயந்திரம். இடமே இல்லாத ஆன்மா உடலைத் தள்ளுவது எப்படி என்று 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் கடிதம் எழுதிக் கேட்டார். தேக்கார்த்தின் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை, நமக்கும் தருவதில்லை. அதோடு, தலையில் அடிபட்டால் கணக்குப் போடும் திறன் போகிறது, சுபாவமே மாறுகிறது. சிந்தனை ஆன்மாவின் சொத்து என்றால் கபாலத்தில் விழுந்த அடி அதை எப்படித் தொட்டது?

சைவ சித்தாந்தம் இந்தக் குழியில் விழவில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உள்கருவிகள். மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வந்தவை, ஆகவே அறிவற்ற சடம். நினைப்பதும் கணக்கிடுவதும் தீர்மானிப்பதும் சடத்தின் வேலை. அவற்றைக் கொண்டு அறிகிறதே, அதுமட்டும்தான் ஆன்மா. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 3ஆம் சூத்திரத்தில் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்கும்போது, "என் உடல்" என்று பிரித்துச் சொல்கிறோமே என்பதும், ஐம்புலனையும் ஒருங்கே அறியும் ஒன்று வேண்டுமே என்பதும், உணர்த்தினால்தான் உணர்கிறது என்பதும் வருகின்றன. கடைசிக் காரணம் முக்கியம். இந்த ஆன்மா தானாக எதையும் அறியாது, கருவி வேண்டும். கருவி பழுதானால் அறிவு மங்கும். தலையில் அடிபட்டால் நினைப்பு குழம்புவது இங்கே முரண் இல்லை, எதிர்பார்க்க வேண்டியதுதான்.

சாட்பாட் விஷயத்தில் இதன் பலன் ஆச்சரியமானது. இயந்திரம் சிந்திக்கிறது என்ற செய்தி தேக்கார்த்தைப் பதறவைக்கும். சித்தாந்திக்கு அதில் அதிசயம் ஏதுமில்லை, சிந்தனை ஏற்கெனவே சடம்தானே. நன்றாகப் பேசுவதும் போதமும் இரண்டு வேறு கேள்விகள் என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்த கட்சி மேற்கில் அபூர்வம். விலை? உயிரையும் உடலையும் சேர்த்துவைக்க இறைவன் வேண்டும். அதை ஏற்பவருக்கு விலையே இல்லை. ஏற்காதவருக்கு முழுக் கடையையும் வாங்கச் சொன்ன மாதிரி.

கரமடி இழுப்பவர்கள்

அணுவுக்கும் துளி போதம் உண்டு, கூடக் கூடப் பெரிதாகிறது என்பது சர்வபோதவாதம். கேலன் ஸ்ட்ராசன், பிலிப் காஃப் போன்றோர் இப்போது இதற்காக வாதாடுகிறார்கள். சிதறால் மலையில் சிற்பம் செதுக்கிய சமணர்களும் மண், நீர் உடம்புகளில் ஓரறிவு உயிரைச் சொன்னார்கள் என்பதால் சிலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது உண்டு. அது சரியில்லை. சமணத்தில் உயிராகிய சீவன் வேறு, சடப்பொருளாகிய புத்கலம் வேறு.

இந்தக் கட்சி எங்கே முறிகிறது என்பதைக் கடற்கரையில் நின்று பார்க்கலாம். கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையின் கயிற்றை இருபது பேர் இழுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் உள்ளங்கை எரிவது தெரியும். இருபது எரிச்சலும் சேர்ந்த ஒரு பெரிய எரிச்சலை அனுபவிக்கிற இருபத்தொன்றாவது ஆள் கரையில் இல்லை. இழுவிசை கூடும், அனுபவம் கூடாது. 1890இலேயே வில்லியம் ஜேம்ஸ் பன்னிரண்டு சொற்களைப் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, முழு வாக்கியம் யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டார். நம் காரியங்களுக்கும் இதில் உதவி இல்லை. உப்பளத்து உப்புக்கும் துளி போதம் என்றால் நண்டை மட்டும் தனியாகப் பார்க்கக் காரணம் கிடைப்பதில்லை.

அத்வைதத்துக்கும் இதே இடைஞ்சல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. போதம் ஒன்றே உண்மை. மற்றதெல்லாம் அதில் தோன்றுவது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்டால் மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் ஐசியூவில் கட்டிலுக்கும் அதில் கிடப்பவருக்கும் என்ன வேற்றுமை? அந்தக்கரணம் என்ற கண்ணாடியில் போதம் பிரதிபலிப்பதுதான் வேற்றுமை என்பார்கள். சரி, அந்தக் கண்ணாடி உடைந்துவிட்டதா இல்லையா என்பதுதானே குடும்பத்தின் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கும் வழியை இந்தக் கட்சி சொல்வதில்லை. சொல்வது அதன் நோக்கமும் இல்லை.

ஆய்வகத்துக் கட்சிகள்

அளந்து பார்க்கும் கட்சிகளில் இரண்டு முக்கியம். பெர்னார்ட் பார்ஸ் 1988இல் சொன்ன பொதுமேடைக் கொள்கை ஒன்று: மூளையின் பல பகுதிகளும் தனித்தனியே வேலை பார்க்கின்றன; எந்தச் செய்தி மேடையேறி எல்லாப் பகுதிக்கும் கேட்கிறதோ அதுவே போதத்தில் இருக்கிறது. ஜூலியோ தொனோனி 2004இல் முன்வைத்த ஒருங்கிணைந்த தகவல் கொள்கை மற்றது: எந்த அமைப்பின் பாகங்கள் ஒன்றையொன்று பாதித்து, பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றனவோ, அங்கே அந்தப் பின்னலின் அளவுக்குப் போதம் உண்டு. சிறுமூளை இதற்கு நல்ல சாட்சி. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அது கெட்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், போதம் போகாது. எண்ணிக்கை அல்ல, பின்னல்தான் காரியம்.

1998இல் மூளை ஆய்வாளர் கிறிஸ்தாஃப் காக், 25 ஆண்டுக்குள் போதத்தின் நரம்பு அடையாளம் தெளிவாகக் கிடைத்துவிடும் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். இரண்டு கொள்கைக்காரர்களும் சேர்ந்து வடிவமைத்த சோதனையின் முடிவு 2025இல் வெளிவந்தது. 256 பேரை வைத்துப் பார்த்ததில் இரண்டு தரப்புக்கும் சில கணிப்புகள் பலித்தன, முக்கியமான சில பொய்த்தன. இடையில் 124 பேர் கையெழுத்திட்டுத் தொனோனியின் கொள்கையைப் போலி அறிவியல் என்று சொன்ன கூத்தும் நடந்தது. அது அதிகப்படி என்பதே எங்கள் எண்ணம். பொய்க்கக்கூடிய கணிப்பைச் சொல்லி, அது பொய்க்கவும் கண்ட கொள்கையை அப்படி அழைப்பது நியாயமில்லை.

இனி மூன்று காரியங்கள்

சாட்பாட்டை முதலில் முடித்துவிடலாம். மனிதர்கள் எழுதியதைத் தின்று வளர்ந்த இயந்திரம், மனிதர்கள் எழுதுவதுபோல "வருத்தம்" என்று எழுதுவது எந்தக் கட்சியிலும் சாட்சி ஆகாது. கிளி "பசிக்குது" என்றால் கிளியின் பசிக்கு அதுவா ஆதாரம்? தொனோனி கட்சி இன்றைய கம்ப்யூட்டர் சில்லுகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. பொதுமேடைக் கட்சி அமைப்பைப் பார்த்துத்தான் சொல்லும். 2023இல் ஒரு ஆய்வாளர் குழு பல கொள்கைகளிலிருந்தும் 14 அடையாளங்களைத் தொகுத்துப் பார்த்து, அன்றைய எந்த அமைப்பும் வலுவான வேட்பாளர் இல்லை, ஆனால் அந்த அடையாளங்களோடு ஒன்றைக் கட்டத் தொழில்நுட்பத் தடையும் இல்லை என்றது. அதன் பேச்சுக்காக மனம் உருக வேண்டாம் என்பதே இப்போதைக்குப் போதுமான முடிவு.

நண்டுக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு என்கிறது. அந்த நூலைக் கேட்டுத் தேர்ந்த அதங்கோட்டாசானின் ஊர் விளவங்கோடு பக்கத்து அதங்கோடு என்பது இங்குள்ள வழக்கு. தொல்காப்பியர் எண்ணியது புலன்களை, வலியை அல்ல. வலிக்கு வேறு சோதனை தேவை. கரைநண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடம் கொடுத்து ஒன்றில் மட்டும் மின்னதிர்ச்சி வைத்தபோது, சில முறைக்குள் அவை அந்த இடத்தை ஒதுக்கக் கற்றுக்கொண்டன. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, தனக்குப் பிடித்த சங்கு என்றால் கூடுதல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது. பிடிக்காத சங்கை உடனே விட்டுவிடுகிறது. சும்மா உதறுவதாக இருந்தால் இந்தப் பேரம் தேவையில்லை. இத்தகைய சாட்சியங்களை எடைபோட்டுத்தான் 2022இல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் வகைகளைச் சேர்த்தது.

இங்கே செயல்வாதத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது. தப்பாகப் போனாலும் நஷ்டம் கொஞ்சம் ஐஸ்தான். மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கடல்நீர் கலந்து கூழ்ப் பதத்தில் வைத்து, நண்டு முழுக்க மூழ்கும்படி குறைந்தது 20 நிமிடம் விட வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்புச் சமநிலை குலைந்து அதுவே வேதனை. காலைத் தட்டினாலும் கண்ணருகே தொட்டாலும் அசைவில்லை என்றான பிறகு, அடிவயிற்று மடலைத் தூக்கி அதன் அடியிலுள்ள நரம்பு முடிச்சையும், கண்களுக்கு நடுவே உள்ளதையும் கூரான கம்பியால் குத்த வேண்டும். ஒன்றை மட்டும் குத்தினால் போதாது. நண்டுக்கு நரம்பு மையம் இரண்டு. உயிரோடு கொதிநீரில் போட்டால் கால்களைக் கழற்றிவிடும், உள்ளே தண்ணீர் புகுந்து சதை கெடும். சமையல்காரருக்கு அந்தக் காரணமே போதும்.

நோயாளி விஷயம்தான் கனமானது. இதில் கட்சி மாறினால் முடிவே மாறும். அசைவில்லை, ஆகவே போதமில்லை என்பது, நடத்தையே மனம் என்ற பழைய கட்சியின் எச்சம். அது பொய் என்று 2006இலேயே தெரிந்துவிட்டது. எந்தப் பதிலும் காட்டாத ஒரு இளம்பெண்ணிடம் ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றும், உன் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள் என்றும் அட்ரியன் ஓவன் குழு சொன்னது. ஒவ்வொன்றுக்கும் உரிய மூளைப் பகுதி, நலமாக இருப்பவருக்கு வேலை செய்வதுபோலவே வேலை செய்தது. 2024இல் வெளியான பெரிய ஆய்வில், கட்டளைக்கு வெளியே எந்தப் பதிலும் இல்லாத 241 பேரில் 60 பேர் மூளைக்குள் பதில் சொன்னார்கள். நான்கில் ஒருவர். தொனோனி வழி வந்தவர்கள், நோயாளி ஒன்றும் செய்யாமலே பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: காந்தத் துடிப்பால் மூளையைத் தட்டி, எழும் அலை எவ்வளவு சிக்கலானது என்று அளப்பது. 0 முதல் 1 வரையான அந்த அளவு 0.31க்கு மேல் போனால் போதம் உண்டு என்று எடுக்கிறார்கள். இந்தக் கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது.

எங்கும் கிடைப்பது கண்ணாடி. அய்யாவழியினர் வழிபடும் பதிகளின் பள்ளியறையில் கும்பிட நிற்பவருக்கு எதிரே இருப்பது கண்ணாடிதான், தன்னையே பார்க்க. நரம்பியல் மருத்துவர்களின் போத அளவுகோலிலும் கண்ணாடி இருக்கிறது. கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, "இதைப் பாருங்க" என்று அவருடைய வீட்டுப் பேச்சிலேயே சொல்லி, வலமும் இடமும் மேலும் கீழும் 45 டிகிரி வரை மெதுவாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை. ஏதாவது ஒரு திசையில் இரண்டு தடவையும் கண் விடாமல் தொடர்ந்தால் அது கணக்கில் சேரும். ஆளையோ பொருளையோ தொடராத கண், தன் முகத்தைத் தொடர்வது உண்டு, அதனால்தான் கண்ணாடி.

மருத்துவக் குழு வழக்கமான பார்வையில் போதமில்லை என்று முடிவுசெய்த 44 பேரை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது 18 பேருக்குச் சிறு போதம் இருந்தது என்று 2009 ஆய்வு காட்டியது. தவறு நேர்வது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்: தூக்க மருந்து இறங்காத நேரத்தில் பார்ப்பது, காய்ச்சல் நாளில் பார்ப்பது, காது கேளாதவரிடம் வாயால் மட்டும் சொல்வது, கட்டுப்போட்ட கையைத் தூக்கச் சொல்வது, புரியாத மொழியில் சொல்வது. ஒரு நாள் இருக்கும் போதம் மறுநாள் இருக்காது என்பதால் இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து தடவை பார்க்க வேண்டும். கருவி பழுதானால் உள்ளே இருப்பவர் இல்லாமல் போய்விடவில்லை என்று சொன்ன சித்தாந்தியும், வெளி அசைவை நம்பாதே என்கிற ஸ்கேன்காரரும் இந்த ஒரு கட்டிலருகே கிட்டத்தட்ட ஒரே பக்கம் நிற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுக்கும் முன் அந்த ஐந்து தடவையும் நடந்ததா, எந்தெந்த நேரத்தில் நடந்தது, அதற்கு முன் கடைசியாகத் தூக்க மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.